தள்ளுவண்டி முன்னே, பெற்றோர் பின்னே

தீபாவளி நெருங்கும் வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கைவீசி நடக்கவே இடமிருக்காது. அந்த நெரிசலில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையைக் கடப்பவருக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. வெறுங்கையோடு நடப்பவர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுக் காலை வைக்கிறார். தள்ளுவண்டியோடு வருபவரின் பார்வை சாலையை எட்டும்போது குழந்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் சாலைக்குள் இருக்கிறது. கடப்பை ஒட்டி ஒரு வேன் நின்றுவிட்டால், வருகிற ஓட்டுநருக்கு வண்டியும் தெரியாது, தள்ளுபவரும் தெரியமாட்டார்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வரிக்கோட்டுக் கடப்பில் ஒரு கார் மரியாதையாக நிற்கும். அதன் பக்கத்துச் சந்தில் ஒரு மோட்டார் நிற்காமல் வரும். கார் நின்றதை நம்பி வண்டியை முழுவதுமாகத் தள்ளிவிடுவதுதான் இங்கே பெரிய தவறு. நின்ற காரின் விளிம்புக்கு முன்பே நிறுத்தி, எட்டிப் பார்த்த பிறகே அடுத்த தடத்துக்குப் போக வேண்டும். இடப்பக்கம் திரும்பும் சந்திப்புகளும் அப்படித்தான். ஓட்டுநரின் கண் வலப்பக்கம் வரும் வாகனங்கள்மீது இருக்கும். குழந்தை இடப்பக்கம் இருக்கும்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் திடுக்கிட்டு பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய அந்த ஒரு நொடி ஆகும். 30 கிலோமீட்டரில் அது சுமார் 8 மீட்டர். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் 30-தான் உச்சவரம்பு என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னதும் இதனால்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்தச் சாலை கடக்கும் பிரச்சினைக்கு வேறொரு முகம் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. தள்ளுவண்டிக்கு நடைபாதை விளிம்பு சாலையோடு சமமாக இறங்க வேண்டும். கைத்தடியோடு வருபவருக்கோ அந்த விளிம்புதான் 'இங்கே சாலை தொடங்குகிறது' என்று சொல்லும் அடையாளம். ஒருவருக்கு வசதியானது இன்னொருவருக்கு ஆபத்து. இந்தச் சிக்கலைத் தீர்ப்பவை சரிவின் முனையில் பதிக்கும் புள்ளிக் கற்கள். ஜப்பானியரான செய்இச்சி மியாகே உருவாக்கிய இந்தக் கற்கள் 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. கற்களின் மேல் மோட்டாரை நிறுத்திவிட்டால் மட்டும் இருவருக்கும் வழியில்லை!

சரிவுக்கும் அளவு உண்டு. பரவலாகப் பின்பற்றப்படும் 1:12 விகிதப்படி 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் தேவை. குறுகிய நடைபாதையில் அதற்கு ஏது இடம்? படிக்கட்டு மட்டுமே உள்ள மேம்பாலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல் படியாக ஏதாவது செய்யக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. கடப்புக்கு முன்னும் பின்னும் சில மீட்டருக்கு எந்த வாகனமும் நிற்காமல் பார்த்துக்கொண்டாலே பாதி ஆபத்து குறையும். கோலாலம்பூர் மாநகர் மன்றமும், 2024 முதல் அரச மாநகர் மன்றமாகிவிட்ட கிள்ளானும் அடுத்த தீபாவளிக்கு முன் இதையாவது செய்யட்டும்.