நிலம் நிலைத்தால்தான் தோட்டம்: நியூயார்க் தரும் பாடம்

நியூயார்க் மாநகராட்சியின் ‘கிரீன்தம்ப்’ திட்டத்தின் கீழ் இன்று 550-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இயங்குகின்றன. பல தோட்டங்கள் ஒன்றிரண்டு வீட்டு மனை அளவுதான். அவற்றில் தக்காளியும் கீரையும் பூச்செடிகளும் வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள். இப்படி ஒரு தோட்டத்தைத் தொடங்கவும் பல ஆண்டுகள் நடத்தவும் என்ன தேவை என்பதை இந்நகரத்தின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எப்படித் தொடங்கின?

1970-களில் நியூயார்க் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் பல எரிந்தன, பல இடிக்கப்பட்டன. வரி பாக்கிக்காக மாநகராட்சி வசமான மனைகளில் குப்பை குவிந்தது. 1973-ல் மன்ஹாட்டனில் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் ‘கிரீன் கெரில்லாஸ்’ குழுவினருடன் சேர்ந்து, பௌரியும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த அப்படியொரு மனையைச் சுத்தம் செய்தார். அடுத்த ஆண்டே மாதம் 1 டாலர் வாடகைக்கு அந்த மனை முறைப்படி அவர்களுக்குக் கிடைத்தது. இதைப் பார்த்து மற்ற பகுதிகளிலும் மக்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு உதவ 1978-ல் கிரீன்தம்ப் திட்டம் பிறந்தது.

மண்ணும் தண்ணீரும்

நகரத்துக் காலிமனையில் நேரடியாக விதைக்கக் கூடாது. பழைய பெயின்ட், முன்பு புழக்கத்தில் இருந்த ஈயம் கலந்த பெட்ரோல் ஆகியவற்றால் அந்த மண்ணில் ஈயம் படிந்திருக்கலாம். ஆகவே முதல் செலவு மண் பரிசோதனைக்குத்தான். அடுத்து, மரச் சட்டங்களால் உயர்த்திய பாத்தி அமைத்து, வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணையும் மட்கு உரத்தையும் நிரப்ப வேண்டும். கீரையிலும் கிழங்கிலும் மண் ஒட்டும் என்பதால் அவற்றை நன்றாகக் கழுவ வேண்டும்.

தண்ணீருக்கு வழி தெரியாமல் இடத்தை ஒப்புக்கொள்வதும் தவறு. நியூயார்க் தோட்டங்கள் பலவற்றுக்குத் தெருவோரத் தீயணைப்புக் குழாய்களே ஆதாரம். ஆனால் அவற்றைத் திறக்க மாநகராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

யார் எந்த வேலை செய்வது?

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஆளுக்கொரு பாத்தி. மற்றொன்று, எல்லாரும் சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பகிர்வது. பல தோட்டங்கள் இரண்டையும் கலந்து நடத்துகின்றன. எந்த முறையானாலும் விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கும், சந்தா எவ்வளவு, பொது வேலை எந்த நாளில், கவனிப்பில்லாத பாத்தியை எப்போது அடுத்தவருக்குத் தருவது என்பதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே பேசி முடித்தால் பிற்பாடு மனத்தாங்கல் குறையும். ஒருவர் மட்டும் முழுப் பொறுப்பையும் சுமந்தால், அவர் ஊர் மாறும் நாளில் தோட்டம் தள்ளாடும். ஆகவே பொறுப்புகள் சுழற்சியில் வர வேண்டும்.

நிலம் யாருடையது?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். 1999-ல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலம் விட முனைந்தது. நகரத்துக்கு வீடுகள் தேவை என்பது அரசுத் தரப்பு வாதம். அந்தத் தேவையும் உண்மைதான். ஆனால் மக்கள் தங்கள் உழைப்பால் மீட்ட இடங்கள் அவர்களைக் கேட்காமலே ஏலப் பட்டியலில் ஏறின. போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. ஏலத்துக்குச் சற்று முன்பு ‘டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்’ அமைப்பும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய ‘நியூயார்க் ரெஸ்டோரேஷன் புராஜெக்ட்’ அமைப்பும் 42 லட்சம் டாலருக்கு அந்தத் தோட்டங்களை வாங்கின. 2002-ல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞருக்கும் மாநகராட்சிக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் மேலும் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் பாதுகாப்புப் பெற்றன. சில மனைகள் வீடு கட்ட ஒதுக்கப்பட்டன.

தொடங்குபவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: நில உரிமையாளர் யார் என்று ஆவணங்களில் பார்த்து, காலவரையறையுள்ள ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். நியூயார்க்கில் செய்வதுபோல, உறுப்பினர் அல்லாதவர்களும் வந்துபோக வாரந்தோறும் குறிப்பிட்ட நேரம் கதவைத் திறந்து வையுங்கள். ஒப்பந்தம் சில ஆண்டுகளில் காலாவதியாகும். அதைப் புதுப்பிக்கச் சொல்லி மாநகர மன்றத்தில் பேச, அந்தத் தோட்டத்தைத் தங்களுடையதாக நினைக்கும் ஒரு தெருவே வேண்டும்.