ஊதும் அடுப்பில் பொறி நிற்பது எப்படி?

வடலூர் தருமசாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பழைய தணலிலிருந்து புது விறகு பற்றிக்கொள்வதால் அங்கே தீக்குச்சிக்கு வேலையில்லை. பெட்ரோல் எஞ்சின் இதற்கு நேர்மாறான அடுப்பு. ஒவ்வொரு தடவையும் எரிந்து, அணைந்து, புகையைத் துரத்திவிட்டு, முதலிலிருந்து பற்றவைக்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சுமார் 45 கிலோமீட்டர். மூன்று சிலிண்டர் கார் ஒன்று நிமிடத்துக்குச் சராசரியாக 2,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடி அங்கே போய்ச் சேர்ந்தால், அதன் பிளக்குகள் மொத்தம் 1,80,000 முறை நெருப்பு மூட்டியிருக்கும். ஒன்று தவறினாலும் கால் அழுத்தும் பெடலில் தெரிந்துவிடும்.

எனக்கு அப்படித் தெரிந்தது அதே சாலையில், புதுச்சத்திரம் தாண்டி. என் காரில் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின். எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருந்தேன். பேருந்தை முந்துவதற்காக மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தபோது, 3,000 சுற்றுக்குப் பக்கத்தில் வண்டி இருமியது. இரண்டு உதறல், பிறகு சரியானது. மறுபடி மிதித்தால் மறுபடி உதறல். “பிளக் மிஸ் அடிக்குது சார்” என்றார் மெக்கானிக். நான் அதற்குள் பிளக்குக்கு மின்சாரம் தரும் விலை உயர்ந்த புதுக் காயில்களை மனதுக்குள் வாங்கியே விட்டிருந்தேன்.

டர்போ என்பது ஊதாங்குழல். ஒரே வித்தியாசம், அதை ஊதுவது பாட்டி அல்ல, அடுப்பின் புகையே. வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், பலமும் கூடும். ஆனால் விறகடுப்பு மூட்டியவர்களுக்கு ஒன்று தெரியும்: தணலை வளர்க்கும் அதே ஊதல், அப்போதுதான் உரசிய தீக்குச்சியை அணைத்துவிடும்.

எஞ்சினில் இந்த அணைதல் இரண்டு விதம். இதைப் புரிந்துகொள்ள அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டர் போதும். அதை அழுத்தினால் ‘டிக்’ என்று நீலப் பொறி ஓர் இடைவெளியைத் தாண்டுகிறது. சாதாரணக் காற்றில் ஒரு மி.மீ. இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அந்த இடைவெளியில் காற்றை இன்னும் அடர்த்தியாகத் திணித்தால் பொறிக்கு வழி கிடைப்பது கடினம். ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் கண்டறிந்த விதி இதைத்தான் சொல்கிறது: தேவையான மின்னழுத்தம், காற்றழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்கெனவே காற்றை நெருக்கிவிட்டது, அதன் மேல் டர்போவும் திணிக்கிறது. அதனால் சில ஆயிரம் வோல்ட்டில் முடிய வேண்டிய தாவலுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் தேவைப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் பொறியே தாவாது. இது முதல் விதம். பொறி தாவிய பிறகு, உள்ளே சுழன்றடிக்கும் காற்று அதை ஊதி அணைத்துவிடுவது இரண்டாவது விதம்.

வண்டி உச்ச வேகத்தில் இருமாமல் 3,000 சுற்றில் இருமியதற்குக் காரணமும் இதுவே. டர்போ எஞ்சினில் இழுவிசை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு சிலிண்டரும் மிக நிறைந்திருக்கும். எங்கே நெருக்கம் அதிகமோ அங்கேதான் பொறி முதலில் தோற்கும்.

பாஷன் விதியில் நம் கைக்கு எட்டுவது இடைவெளி ஒன்றுதான். காற்றழுத்தத்தைக் குறைத்தால் டர்போவுக்கே அர்த்தமில்லை. ஆகவே 1 மி.மீ. இருக்கும் பிளக் இடைவெளியை, அதாவது கேப்பை, 0.7 அல்லது 0.8 மி.மீ. ஆக்குவதுதான், செலவே இல்லாத முதல் மாற்றம். ஃபீலர் கேஜ் வைத்து, வெளிக்கொம்பை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும். நடுமுனையில் எதையும் நெம்பக் கூடாது, இரிடியம் பிளக்கில் அந்த முனை ஊசிபோல் மெலிந்தது. மெலிந்திருப்பதற்குக் காரணம் உண்டு: கூரான முனையிலிருந்து பொறி எளிதில் கிளம்பும். சாதாரண உலோகத்தில் அவ்வளவு மெல்லிய முனை செய்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் தாங்குகிறது. கேப்பை ஒரேயடியாக 0.5-க்குக் குறைப்பதும் தவறு. பொறி தாவும், ஆனால் நெருப்பின் கரு மிகச் சிறியதாகி, நிறுத்தத்தில் வண்டி நடுங்கும்.

அடுத்தது பிளக்கின் சூட்டு எண். பொரியல் கிளறும் பித்தளைக் கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று கைக்கு வரும், நீளமாக இருந்தால் நுனியிலேயே தங்கும். பிளக்கின் பீங்கான் மூக்கும் அப்படித்தான். நீள மூக்கு சூட்டைத் தேக்கிவைக்கும், குட்டை மூக்கு எஞ்சின் தலைக்குக் கடத்திவிடும். நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி தானே எரிந்துபோகும். 850, 900 டிகிரியைத் தாண்டினால் பொறி வருமுன் நுனியே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், அது பிஸ்டனையே உருக்கக்கூடியது. அழுத்தம் கூட்டிய வண்டிக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவது இதனால்தான். வாங்கும்போது கவனம் தேவை: என்.ஜி.கே. நிறுவனத்தின் பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது, பாஷ் (Bosch) நிறுவனத்தின் பிளக்கில் எண் கூடினால் சூடானது. கடையில் “ஒரு நம்பர் மேல கொடுங்க” என்று மட்டும் கேட்டால் சரக்கு தலைகீழாக வந்துவிடக்கூடும். கடலூர் மஞ்சக்குப்பத்துக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவர், இரண்டு படி குளிர்ந்த பிளக் போட்டால் அதில் கரி மட்டும்தான் சேரும்.

இனி காயில். ஆசை பிறக்கிற இடமும் பணம் வீணாகிற இடமும் அதுதான்.

காயில் ஒரு தோசைக்கல். பேட்டரியின் 12 வோல்ட், அடுப்பின் சிறு தீ. முதல் சுருளில் மின்சாரம் சில மில்லி நொடிகள் ஓடுகிறது, இரும்புக் கருவுக்குள் காந்தம் ஏறுகிறது. இது கல் காயும் நேரம், டியூனிங் செய்கிறவர்கள் இதை ட்வெல் என்பார்கள். சரியான கணத்தில் மின்சாரம் வெட்டப்படுகிறது. காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்று கிளம்புமே, அதுபோல் தேங்கிய காந்தம் சட்டென்று சரிகிறது. முதல் சுருளைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாவது சுருளில் முப்பதாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் பாய்கிறது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில். டிஸ்ட்ரிபியூட்டர் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும். அதிலுள்ள பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து ஓட்டியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 6,000 சுற்றில் அந்த ஒரே கல் 5 மில்லி நொடிக்கு ஒரு தோசை சுட வேண்டும். கல் காய்வதற்குள் அடுத்த மாவு விழுந்துவிடும். இன்றைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில், தனிக் கல். அதே வேகத்தில் 20 மில்லி நொடி கிடைக்கிறது. புது டர்போ கார் தன் தொழிற்சாலை அளவில் ஓடும்வரை இது தாராளம். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனின் ஒரு லிட்டர் டர்போ தரும் 120 குதிரைத்திறனுக்கு வேறு காயில் தேட வேண்டியதில்லை.

அதே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதையும் இருக்கிறது. அங்கே அழுத்தத்தை மிகக் கூட்டி ஓட்டுகிறவர்களுக்குக் கனமான கல் வேண்டும். மெல்லிய கல் சீக்கிரம் காயும், மாவு விழுந்ததும் ஆறிவிடும். கனத்த இரும்புக்கல் அதிகச் சூட்டைத் தாங்கி நிற்கும், ஆனால் காய நேரம் வேண்டும். பலரும் விடும் பிழை இங்கே. கனத்த காயிலை வாங்கிப் பொருத்திவிட்டு, பழைய ட்வெல் நேரத்திலேயே ஓட்டுவார்கள். அரைச்சூட்டில் இருக்கிற கனக்கல்லில் தோசை வராது. தேங்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிப்படி கூடுகிறது. மின்னோட்டம் பாதியாக நின்றால் ஆற்றல் கால்பங்குதான். ட்வெல்லைத் தேவைக்கு மேல் நீட்டினால் கருவில் காந்தம் நிரம்பிவிடும், மிச்ச மின்சாரமெல்லாம் சூடாகிக் காயிலைக் கருக்கும். காயில் மாற்றுவது என்றால் அதன் ட்வெல் அட்டவணையையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்றே பொருள்.

கடற்கரை ஊருக்கென்று தனிக் குறை ஒன்று உண்டு. உப்புக்காற்றில் காயில் கனெக்டரின் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும். சிறு தடைதான், ஆனால் அடுப்புக்குப் போகும் தீயையே அது குறைக்கிறது. காயில் உறையின் ரப்பரில் விரிசல் இருந்தால், மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாகவே வழிந்து இரும்புக்குப் போய்விடும். பீங்கான் மேல் மயிரிழைபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் தடயம். எந்தக் காயில் கெட்டது என்று அறிய எளிய வழி, அவற்றை இடம் மாற்றிப் போடுவது. தவறும் சிலிண்டரின் எண்ணும் கூடவே மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்கையோ பெட்ரோல் இன்ஜெக்டரையோ பாருங்கள். மிஸ் அடிக்கும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, விலை உயர்ந்த அந்தப் பாகத்தைப் பாழாக்கும்.

இதையெல்லாம் சரி செய்தால் பலம் கூடுமா? கூடாது. தீக்குச்சி பெரிதானால் சோறு அதிகமாகாது. தவறாமல் பற்றும் எஞ்சினுக்கு இன்னும் பெரிய பொறி எதையும் சேர்ப்பதில்லை. தவறும் எஞ்சினில் இழந்ததை மீட்டுத் தருகிறது, அவ்வளவே. பலத்தை மாற்றுவது பொறி வரும் நேரம். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைக் குறைத்துப் பயனில்லை, பொங்குமுன்பே கை போக வேண்டும். நெருப்பு பரவ நேரம் பிடிப்பதால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். 6,000 சுற்றில் ஒரு மில்லி நொடிக்குள் எஞ்சினின் கிராங்க் தண்டு 36 பாகை திரும்பிவிடுகிறது. மிக முன்னதாக விழுந்தால் ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல், எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிப்பதுபோல் தானே வெடிக்கும். அந்தத் தட்டல் சத்தம் நாக்கிங். காயில் வாங்குவதைவிட நல்ல பெட்ரோல் போட்டு இந்த நேரத்தைச் சரியாக வைப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

என் வண்டியில் பழைய பிளக்குகளின் கேப் தேய்ந்து அகன்றிருந்தது. ஒரு படி குளிர்ந்த புதுப் பிளக்குகள் போட்டோம், கேப் 0.7. ஒரு கனெக்டரின் களிம்பைச் சுத்தம் செய்தோம். காயில்கள் மூன்றும் பழையவையே. அதே சாலையில், அதே மூன்றாவது கியரில் உதறல் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் சிதம்பரத்தில் அம்மா வீட்டு வாசலில் கழற்றிப் பார்த்தேன். மூன்று பிளக்குகளின் நுனிகளும் பொன்னிறமாக வறுத்த உளுத்தம்பருப்பின் நிறத்தில் இருந்தன.