அடைக்கல நாயும் வீட்டு நாயும்

பழனி மலைத்தொடரின்மேல், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்கள் எழுந்தது 1845-ம் ஆண்டிலாம். அவற்றைக் கட்டுவித்தவர் அமெரிக்க மதுரை மிஷனார். சமவெளியின் வெப்பத்திற்கும், அங்கே உயிர்களைக் கவர்ந்துவந்த காய்ச்சலுக்கும் பேதிக்கும் அஞ்சியே அவர்கள் மலையேறினர். ஆகவே இவ்வூர் தோன்றியதே நோய்க்கு ஒதுங்குமிடமாகத்தான். அன்றுதொட்டு, மலைக்காற்று நோய் போக்கும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. மனிதர் விஷயத்தில் அது எத்துணை உண்மை என்பதை வைத்தியர் கூறட்டும். நாய்களின் விஷயத்தில் அதை நம்பலாகாது என்பதையும், தெருவினின்று மீட்ட நாயைச் சில வாரம் வைத்துப் பேண விரும்புவோர் தம் வீட்டில் முன்னரே வாழும் நாயை எங்ஙனம் காப்பது என்பதையும் ஈண்டு விளக்க முயல்கின்றோம்.

செண்பகனூரிலோ பெருமாள்மலையிலோ மழைக்கால மாலையில் நனைந்து நடுங்கும் குட்டியொன்றைக் கண்டால், அதை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் மனம் பலர்க்கு உண்டு. நிலையாக வளர்ப்பார் ஒருவர் கிடைக்குமளவும் அதற்கு இடங்கொடுப்பது சிறந்த ஜீவகாருண்யமே. ஆனால் பெரும்பாலும் நடப்பது யாதெனில், வந்த நாழிகையிலேயே அக்குட்டி அடுப்படிக்குச் சென்று, அவ்வீட்டுப் பழைய நாயின் சாக்கின்மேல் படுத்து, அதன் தட்டிலேயே பால் குடிக்கிறது. பார்ப்பவர்க்கு இது இனிய காட்சி. ஒருகால் ஐந்தாறு நாட்களில் குட்டி சோர்கின்றது. அடுத்த வாரம் பழைய நாயும் உணவை மறுக்கின்றது. இரக்கப்பட்டவர் வீட்டுக்காரர், அதற்குரிய விலையைச் செலுத்துவதோ யாதொன்றும் அறியாத அந்தப் பழைய நாய்.

இதன் காரணம் எளிதில் விளங்கும். நோய்க்கிருமி உடலிற் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி வெளிப்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. பார்வோ என்னும் குருதிக்கழிச்சலில் அது பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள், சிலபோது இரு வாரம். டிஸ்டெம்பர் என்னும் நோயில் ஒன்று அல்லது இரண்டு வாரம், சிலபோது அதனினும் மிகுதி. குறி தோன்றுமுன்னரே நாய் கிருமியை வெளியிடத் தொடங்கக்கூடும். ஆதலால், வந்த நாய் வாலாட்டுகிறது, நன்றாய் உண்கிறது என்பது அதன் நலத்திற்குச் சான்றாகாது.

டிஸ்டெம்பரைப் பற்றிச் சற்று விரிவாய்க் கூறுதல் தகும். அம்மைப்பால் குத்தும் முறையை உலகிற்கு அளித்த எட்வர்ட் ஜென்னரே 1809-ம் ஆண்டில் இந்நோயைக் குறித்து எழுதியுள்ளார். நுண்ணிய வடிகட்டியாலும் தடுக்கவொண்ணாத அளவிற் சிறிய கிருமியால் இது உண்டாகிறதென 1905-ல் பிரான்சு தேசத்துக் காரே என்பவர் கண்டார். பின்னர் இங்கிலாந்தில் லெய்ட்லா, டங்கின் என்னும் இருவர் 1920-களில் அதற்குத் தடுப்பூசி காண முயன்றனர். நோயே அறியாத நாய்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. லண்டனை அடுத்த மில் ஹில்லில் அவற்றைத் தனி மதிலுக்குள் வளர்த்து, உட்செல்லும் பணியாளர் நீராடி உடை மாற்றிய பின்னரே செல்ல வேண்டுமென விதித்தனர். நம் கையும் உடையும் செருப்புமே நோயின் வாகனங்கள் என்பதை அறிந்த பெரியோர் செய்த ஏற்பாடு இது. அடைக்கலமளிப்போர் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதன் சிறிய வடிவமே.

இனி மலைக்காற்றுக்கு வருவோம். டிஸ்டெம்பர் கிருமி வெயிலில் விரைந்து அழிவது. வத்தலக்குண்டின் வெயிலில் காயும் முற்றத்தில் அது நெடுநேரம் தங்காது. குளிரும் நிழலும் சேர்ந்த இடத்திலோ அது நீடித்திருக்கும். நீர் உறையும் நிலையை அடுத்த குளிரில் சில வாரங்களும் அழியாதிருக்கும். மார்கழி, தை மாதத்துக் கோடைக்கானலின் ஈரத் திண்ணை எதற்குத் துணை செய்யும் என்பதை வாசகரே உணர்வர். அன்றியும் இந்நோய் நாய்களோடு நின்றுவிடுவதில்லை. 2018-ம் ஆண்டில் கூர்ச்சரத்துக் கீர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மாண்டபோது, அவற்றுட் சிலவற்றில் இக்கிருமியே காணப்பட்டது. செந்நாய் உலவும் சோலைக்காடுகளை அடுத்து வாழும் நாம் இதை மறத்தலாகாது.

பார்வோ 1978-ல் புதிதாய்த் தோன்றி, ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. இதன் கிருமி மண்ணில் பல மாதம் கிடந்தும் சாவதில்லை. பினாயிலின் மணத்தைத் தூய்மைக்கு அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. இக்கிருமியை ஒழிக்க அதை நம்புதற்கில்லை. அழுக்கை முதலில் நீங்கக் கழுவி, கடையில் விற்கும் ஐந்து சதவிகிதச் சலவைத் திராவகம் ஒரு பங்கிற்கு முப்பது பங்கு நீர் கலந்து, தரையில் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும்.

உண்ணியின் கேட்டை நம் மாகாணமே உலகிற்கு அறிவித்ததெனலாம். நாயின் செங்குருதியணுவில் வாழும் பபீசியா கிப்சனி என்னும் நுண்ணுயிரை 1910-ல் பேட்டன் என்பவர் முதன்முதல் விவரித்தது சென்னை வேட்டைச் சங்கத்து நாய்களின் இரத்தத்திலிருந்தும் நரியின் இரத்தத்திலிருந்துமே. உண்ணி கடித்து இது பரவும். உண்ணியோ குளிருக்கு அஞ்சி ஓடுவதன்று; நாயோடு வீட்டிற்குள் வந்து, சுவர் வெடிப்பில் முட்டையிட்டு, அடுப்பின் கதகதப்பில் இனிது வாழும். ஆதலின் புதிய நாய்க்கு வைத்தியரைக் கேட்டு உண்ணிமருந்து இடுவது முதல் நாட்பணி. குடற்பூச்சி, சொறி இவற்றிற்கும் அவரே மருந்து தருவர்.

வெறிநோய் தனியே சொல்லத்தக்கது. 1902-ல் லிலி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண் நாய்க்கடியால் மாண்டபோது, தென்னாட்டில் பாஸ்டர் சிகிச்சை கிடையாது. இமயச் சாரலிலுள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டும். அத்துயரத்தின் பின்னரே, ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கரின் பொருளுதவியும் கொண்டு, குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் திறக்கப்பட்டது. இந்நோய் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மறைந்திருக்கும். எனவே நாம் மேலே சொல்லப்போகும் பதினான்கு நாள் ஒதுக்கம் இதற்குப் போதாது. வீட்டு நாய்க்குத் தடுப்பூசி காலந்தவறாது போட்டிருத்தலே காவல். தெருநாய்களை அடிக்கடி கையாளுவோர் தாமும் முன்னதாகவே ஊசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரைக் கேட்க. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்க.

ஊசியைப் பற்றி ஒரு மயக்கம் பரவலாய் உள்ளது. புதிய குட்டிக்கு இன்று ஊசி போட்டோம், நாளை கூடவிடலாம் என்பர். ஊசி போட்டபின் உடல் காவலைத் திரட்டப் பல நாள் செல்லும். முன்னரே புகுந்த நோயை அது நீக்காது. குட்டிகளுக்கோ தாயின் வழி வந்த காப்பு ஊசியின் பயனைக் கெடுக்கக்கூடுமாதலால், ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்திற்கொருமுறை போட வேண்டியிருக்கிறது. ஆகவே புதிய நாயின் ஊசியைவிட, அது வருமுன்னரே பழைய நாய்க்கு முடிந்திருக்கும் ஊசியே வீட்டைக் காப்பது.

ஒதுக்கி வைப்பதென்றால் இருட்டறையில் பூட்டுவதன்று. வெளிச்சமும் கதகதப்பும் உள்ள அறை, கொட்டகை, குளியலறை ஏதேனும் ஒன்று போதும். பதினான்கு நாள் அங்கே தனித்தட்டு, தனிக்கம்பளி, தனித்துடைப்பம். அறைவாயிலில் ஒரு பழைய சட்டையும் செருப்பும் அங்கேயே கிடக்கட்டும். முதலில் பழைய நாய்க்கு உணவும் உலாவும் முடித்துப் பின்னரே புதியதனிடம் செல்க. இம்முறையை மாற்றாதிருப்பது பாதிக் காவல். இரண்டும் ஒரே முற்றத்தில் மலம் கழிக்க விடற்க. மழைநீர்க் குட்டைகளில் எலிக்காய்ச்சலின் கிருமியும் இருக்கலாமாதலின், அங்கே நீர் குடிக்கவும் விடற்க. புதிய நாய் தனிமையில் அழுமே எனின், அழும். அதனருகே அமர்ந்து பேச எவரும் தடையில்லை, பின்னர்க் கைகால் கழுவினாற் போதும்.

ஒற்றை அறையில் வாழ்வோரும், வீட்டில் ஊசி முடியாத குட்டியோ முதிர்ந்த நாயோ உடையோரும் அடைக்கலம் தர மறுப்பதே நன்று என்பது எமது துணிபு. அவர்கள் மருந்துச் செலவில் பங்கேற்கலாம், வைத்தியரிடம் கொண்டுசெல்லலாம், நல்ல இல்லம் தேடித் தரலாம்.

பதினான்கு நாளும் இருமலும் கழிச்சலும் இன்றிக் கழிந்து, மலத்தையும் இரத்தத்தையும் வைத்தியர் சோதித்த பின்னர், இரு நாய்களையும் வீட்டிற்குள் அன்றி வெளியே ஒரு சாலையில், வார் பிடித்த இருவர் சற்று விலகி நடக்க, முதன்முறை சந்திக்கச் செய்க. உலாவி முடிந்ததும் வாயிற்படியை முதலில் கடக்க வேண்டியது பழைய நாய்.