பிரேக்குக்குச் சாயம் அடிக்கும் தம்பிகளுக்கு



தீபாவளி நெருங்கினால் வீட்டுக்குச் சாயம் அடிப்பது நம் தோட்டங்களில் பழைய வழக்கம். இப்போது காடிக்கும் அந்த மரியாதை வந்துவிட்டது. பழைய சாகாவோ, வீராவோ, கஞ்சிலோ, எதுவானாலும் சரி. ஸ்போர்ட் ரிம் போட்டு, அந்த ரிம் இடைவெளியில் தெரிகிற பிரேக் கெலிப்பருக்குச் சிவப்போ மஞ்சளோ அடித்தால்தான் நம் பசங்களுக்குத் திருப்தி. பட்டறையில் விட்டால் கூலி கேட்பார்கள் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சுகாதாரப் பகுதியில் காடி விஷயம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அழகு பார்ப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சாயம் அடிப்பதைவிட, அதற்கு முந்தி சுத்தம் பண்ணுகிற வேலையில்தான் உடம்புக்குக் கேடு அதிகம். அது தெரியாமலேதான் பலர் செய்கிறார்கள்.

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் பிடிக்கிற கவ்விதான் கெலிப்பர். நாம் பிரேக்கை மிதித்தால் அதன் உள்ளே இருக்கிற பிஸ்டன் பேட்டைத் தள்ளுகிறது, பேட் தட்டை உரசுகிறது, காடி நிற்கிறது. உரசுகிற ஒவ்வொரு தடவையும் பேட் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்தது எங்கே போகும்? கறுப்புத் தூளாகக் கெலிப்பர் மேலும் ரிம் மேலும் படிகிறது. பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தாலோ, வெளியே போக வழியில்லாமல் தூள் டிரம்முக்குள்ளேயே சேர்ந்து கிடக்கும்.

இந்தத் தூள் வெறும் அழுக்கு இல்லை. முன்காலத்தில் சூட்டைத் தாங்குவதற்காகப் பேட்டிலும் பிரேக் ஷூவிலும் கல்நார் கலந்தார்கள். அஸ்பெஸ்டாஸ் என்று பழைய கூரைத் தகடுகளில் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே சாமான்தான். பிரிட்டன் 1999லும் ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டுக் கடைசியிலும் அதை முழுதாகத் தடை செய்துவிட்டன. இப்போது நல்ல கம்பெனிகள் செய்கிற பேட்டுகளில் கல்நார் கிடையாது. ஆனால் நம் கையில் இருப்பது எத்தனையோ பேர் கை மாறி வந்த பழைய காடி. அதில் யார் எப்போது எந்த மலிவுச் சாமானைப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியுமா? பார்வையிலும் வாசத்திலும் கல்நாரைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எல்லாப் பிரேக் தூளையும் கல்நார் இருக்கிற தூள் என்றே நினைத்து வேலை செய்வதுதான் புத்தி.

கல்நார் தூளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்கள் உண்டு. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடியில் தங்கிவிடும். சளியோடு வெளியே வராது, உடம்பாலும் கரைக்க முடியாது. அங்கேயே இருந்து நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கும், புற்றுநோயும் வரும். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய்க்குக் கல்நார்தான் முக்கியக் காரணம். இதெல்லாம் நாளைக்கே தெரியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். இருபது வயதில் இழுத்த தூளுக்கு ஐம்பது வயதில் கணக்கு வரும். சிகரெட் பிடிக்கிறவருக்கு நுரையீரல் புற்று ஆபத்து இன்னும் பல மடங்கு கூடும்.

ஒரே ஒரு நாள் வேலை செய்தவருக்கெல்லாம் நோய் வந்துவிடும் என்று சொல்லவில்லை. ஒரு தடவைக்கு ஆபத்து குறைவு. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் இந்த வேலையில் கைதேர்ந்த தம்பி ஒருவன் இருப்பான். வாரம் தவறாமல் கூட்டாளிகள் காடியை அவனிடம்தான் கொண்டு வருவார்கள். அவனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவன் சட்டையைத் துவைக்கிற தாயையும் சேர்த்துத்தான். 1965இல் லண்டனில் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. கல்நார் தொழிற்சாலைப் பக்கமே போகாத பெண்களுக்கு அந்தச் சவ்வுப் புற்று வந்திருந்தது. வீட்டில் கணவனுடைய வேலைச் சட்டையை உதறித் துவைத்ததுதான் காரணம்.

ஆகவே, தூளைக் கிளப்பாதீர்கள். பசங்க செய்கிற முதல் வேலையே கம்ப்ரெசரால் காற்று அடிப்பதும், காய்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பதும்தான். இரண்டும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத் தூள் கரைத்து, செடிக்கு அடிக்கிற சின்ன ஸ்பிரே போத்தலில் ஊற்றி, மெதுவாக நனையுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். அதுவும் தூளைச் சிதறடிக்கும். அடியில் ஒரு பழைய தட்டு வைத்து ஒழுகுகிற கறுப்புத் தண்ணீரைப் பிடியுங்கள். துருவை எடுக்கக் கம்பி பிரஷ்ஷோ சேண்ட் பேப்பரோ வேணும் என்றால், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டே தேய்க்கணும். துடைத்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வாசலைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம். சட்டையை உதறாமல், குழந்தைகள் துணியோடு சேர்க்காமல், தனியாக நனைத்துத் துவையுங்கள். டிரம்மைத் திறக்கவே வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் போதும், ரிம் வழியாக அதுதான் தெரியப் போகிறது.

அடுத்தது பிரேக் கிளீனர். எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் சாயம் ஒட்டும் என்பதால் டின் டின்னாக அடிக்கிறார்கள். சில டின்களில் நார்மல் ஹெக்ஸேன் என்ற திரவம் இருக்கும். 1999, 2000 வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மோட்டார் பட்டறைக்காரர்களுக்குக் கை கால் மரத்துப்போய், பலம் குறைந்தது. காரணம் தேடியபோது, தினமும் உபயோகித்த கிளீனரில் இருந்த ஹெக்ஸேன்தான் நரம்பைக் கெடுத்தது என்று தெரிந்தது. வேறு சில டின்களில் குளோரின் சேர்ந்த திரவம் இருக்கும். அது எளிதில் தீப்பிடிக்காது என்பதால் நல்லது என்று நினைக்கிறார்கள். அதை அடித்த இடத்தில் நெருப்பு காட்டினாலோ வெல்டிங் வைத்தாலோ பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. இழுத்த உடனே ஒன்றும் தெரியாமல் இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

கிளீனர், தின்னர், சாயம் எதுவானாலும் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். காடிப் பக்கத்தில் குந்தியிருக்கிறவன் மூக்கும் அங்கேதான். வேடிக்கை பார்க்கக் குந்துகிற பிள்ளையின் மூக்கு அதைவிடத் தாழ்வு. வாசலில் கொசுவர்த்தி, சாமி விளக்கு, கையில் சிகரெட், இதில் ஒன்று போதும் தீப்பிடிக்க. ஆகவே அஞ்சடியிலோ கொட்டகைக்குள்ளோ செய்யாமல் திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி உட்கார்ந்து செய்யுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

முகமூடி பற்றி ஒரு வார்த்தை. மூக்கில் துண்டு கட்டினால் எதுவும் நிற்காது. என்95 மூடி தூளுக்கு உதவும், ஆவிக்கு உதவாது. ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த மூடிதான் வேணும். மருந்து அடிக்கிற வேலைக்குக் கொடுத்த மூடியை வீட்டுக்குக் கொண்டுபோய் இதற்குப் போடாதீர்கள். அடுத்த நாள் வேலைக்கு வடிகட்டி கெட்டுப்போயிருக்கும். இரண்டு டின்னைக் கலந்து அடிக்கிற சாயத்தில், ஐசோசயனேட் என்று டின்னில் எழுதியிருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு தடவை உடம்புக்குப் பிடிக்காமல் போனால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும்.

சாதாரண ரப்பர் கையுறையும் இதற்கு ஆகாது. நாம் வெட்டுகிற பால்தான் அது. பெட்ரோல், தின்னர் பட்டால் உப்பிப் போய்விடும். நைட்ரில் கையுறை கொஞ்சம் தாங்கும், நனைந்தால் மாற்றணும். கையில் சாயம் ஒட்டினால் தின்னர் ஊற்றிக் கழுவாமல் சமையல் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு தட்டைத் தொட்டுச் சுட்டுக்கொண்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். கீச்சாப், பற்பசை எல்லாம் தடவிக்கொண்டு வருகிறார்கள். அதைக் கழுவி எடுப்பதே எங்களுக்குப் பெரிய வேலை.

காடியைத் தூக்கும்போது இன்னொன்று. பூட்டில் இருக்கிற ஜேக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். நம் செம்மண் தரையில் அது சாயும், புதையும். அடியில் தடித்த பலகை வைத்து, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய பிறகு இரும்பு ஸ்டேண்டில் காடியை இறக்கி வைக்கணும். செங்கல்லோ சிமெண்டுக் கல்லோ வைக்கக்கூடாது. பாரத்தில் திடீரென்று உடையும்.

சாயம் கெலிப்பரின் வெளி உடம்பில் மட்டும் படலாம். தட்டு, பேட், பிஸ்டன், ரப்பர் உறை, கெலிப்பர் நகர்கிற ஊசிகள், காற்று எடுக்கிற நிப்பிள், இவற்றில் பட்டால் பிரேக் இறுகும் அல்லது பிடிக்காமல் போகும். அங்கெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். கெலிப்பரைக் கழற்ற வேண்டாம், பிரேக் ஹோஸைத் தொட வேண்டாம். டின்னில் சொன்ன நேரம் காய விட்டு, நட்டுகளை இறுக்கி, ஓட்டும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இல்லாமல் அடியில் போனால் காடியை நகர்த்தாதீர்கள். சரியாக இருந்தாலும் தோட்டத்துச் சாலையில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பார்த்த பிறகே பெரிய சாலைக்குப் போகணும்.

மிச்சமான தின்னரையும் பிரேக் எண்ணெயையும் மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பாராகுவாட்டைக் குளிர்பான போத்தலில் வைத்து எத்தனை உயிர் போனது என்பது நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மருந்து 2020இல் தடையாகிவிட்டது, போத்தல் பழக்கம்தான் போகவில்லை. பிள்ளை இதைக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்னர் நுரையீரலுக்குள் போய்விடும். பிரேக் எண்ணெய் சிறுநீரகத்தைக் கெடுக்கும், முதலில் ஒன்றும் தெரியாது. பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல், அந்த டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்தால் டாக்டருக்கு வைத்தியம் சுலபம். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிஷமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், வீட்டுக் கதவைத் தட்டலாம்.