எதிரொலி இல்லாத சபை

ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் நண்பர்களோடு அமர்ந்து பேசிய நாட்களில், சபை கூட வேண்டுமானால் எல்லோரும் ஒரே கூடத்துக்கு வந்து சேர வேண்டும். இன்றோ அந்த அவசியம் இல்லை. தென்காசிக்கு அருகே, மலையடிவாரத்தில் உள்ள மத்தளம்பாறைக் கிராமத்தில் 2011-ஆம் வருஷம் ஜோஹோ கம்பெனியார் ஒரு காரியாலயம் திறந்தார்கள். அதன் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவிலிருந்து தென்காசிப் பக்கத்திலேயே வந்து குடியேறினார். பலர் கூடிப் பேசுவதற்கான சாதனங்களையும் இந்தக் கம்பெனி தயாரிக்கிறது. பத்துப் பேர் பத்து ஊரில் இருப்பார்கள். சபை மட்டும் ஒன்றே!

இத்தகைய சபைக்குப் பரம சத்துரு ஒன்று உண்டு. அதுதான் எதிரொலி.

பதினேழு மீட்டர் தூரத்தில் உள்ள பாறையை நோக்கிக் கூவினால், நம் குரல் வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பி வருகிறது. டெலிபோனிலும் இதே கதைதான். நாம் பேசுவது அடுத்த ஊரில் ஒலிபெருக்கி வழியாக வெளிப்படுகிறது. அங்குள்ள ஒலிவாங்கி அதைப் பிடித்து நமக்கே திருப்பி அனுப்புகிறது. சொன்ன சொல்லே சற்றுப் பிந்திக் காதில் விழுந்தால் எப்படிப்பட்ட பிரசங்கிக்கும் நாக்குக் குழறிப் போகும்.

இதைத் தடுக்க இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. முதலாவது, எளிய கழித்தல் கணக்கு. நடுவே உள்ள யந்திரம் எல்லோர் குரலையும் கூட்டுகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அனுப்பும்போது அவரவர் குரலை மட்டும் கழித்துவிடுகிறது. ஐந்து பேர் பேசினால், ஒருவர் காதுக்கு மற்ற நால்வர் பேச்சே வரும். தம் குரலையே கேட்டு மகிழும் பேச்சாளர்கள் நிறைந்த சபைகளுக்கும் இந்த ஏற்பாடு வந்தால் எவ்வளவு க்ஷேமமாக இருக்கும்!

இரண்டாவது உபாயம், ஒலிவாங்கியில் புகுந்துவிட்ட எதிரொலியைப் போக்குவது. முற்காலத்தில், ஒருவர் பேசும்போது மறுபக்கத்து வழியையே அடைத்துவிடுவார்கள். இருவரும் சேர்ந்து பேசினாலோ சொற்கள் துண்டு துண்டாகிவிடும். 1960-களில் பேச்சு 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக் கோள் வழியாகப் போகத் தொடங்கியது. எதிரொலி திரும்பி வர அரை வினாடி ஆயிற்று, தொல்லையும் பெருகியது.

அப்போது அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் இதற்கு வழி தேடியவர்களுள் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி மன் மோகன் சோந்தி. 1967-இல் அவர் வெளியிட்ட முறை இது: ஒலிபெருக்கிக்குப் போகும் குரல் யந்திரத்துக்குத் தெரியும். அது அந்த அறையில் என்ன எதிரொலி எழுப்பும் என்று யந்திரம் ஊகிக்கிறது. ஊகத்தை ஒலிவாங்கியின் ஓசையிலிருந்து கழிக்கிறது. மிச்சம் இருந்தால் ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தத் திருத்தம் நடக்கிறது. கதவு திறந்தாலும் நாற்காலி நகர்ந்தாலும் மறுபடி பாடம் படிக்கிறது. எதிரொலி மறைந்து, அங்கே இருப்பவர் குரல் மட்டும் மிஞ்சுகிறது.

படித்த பிள்ளை பிழைப்புக்காகச் சென்னைக்கு ரயிலேறுவதும், பெற்றோர் ஊரில் தனித்திருப்பதும் தென்காசிச் சீமையில் நெடுநாளைய வழக்கம். ஊரிலிருந்தபடியே உலகத்தாரோடு வேலை செய்ய அறிவு மட்டும் போதாது. சொல்வது தெளிவாகக் கேட்கவும் வேண்டும். இரைச்சலும் எதிரொலியும் நிறைந்த பேச்சை எந்தச் சபைதான் பொறுமையாகக் கேட்கும்? மலையடிவாரத்துக் குரல் பட்டணத்துக் குரலுக்குச் சமமாக ஒலிப்பதற்கு, அந்தக் கண் காணாத கழித்தல் கணக்கே ஆதாரமாக நிற்கிறது.