கதிரும் மூலிகையும்



என்னுடன் பல்லாண்டு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஈரற் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றுவந்தார். ஒரு மாலை அவரைக் காணச் சென்றபோது, கட்டிலின் கீழே கீழ்க்காய்நெல்லிச் சாறு நிறைந்த போத்தலொன்று மறைவாக இருந்தது. “டொக்டருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, மாஸ்டர்” என்றார். அந்தப் போத்தலைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

மூலிகையை இகழ்வது என் நோக்கமன்று. புற்றுநோய் மருத்துவமே தாவரங்களுக்குக் கடன்பட்டது. நம் முற்றத்துப் பட்டிப்பூவையே பாருங்கள். நீரிழிவுக்கு உதவுமென நம்பப்பட்ட அதன் இலைகள் 1952ஆம் ஆண்டிலே யமேக்காவிலிருந்து கனடாவுக்குத் தபாலிற் சென்றன. அவற்றை ஆய்ந்த றொபேட் நோபிள், குருதியில் வெல்லம் குறையக் காணவில்லை. வெண்குருதிக் கலங்கள் குறையக் கண்டார். சாள்ஸ் பியருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரினை 1958இல் உலகம் அறிந்தது. இன்றும் அது ஊசிமருந்தாகப் பயன்படுகின்றது. ஆயின், அதே இலையை அவித்துக் குடிப்பவர் உட்கொள்வது நஞ்சேயாகும்.

இனிக் கதிருக்கு வருவோம். கதிரானது கலத்திலுள்ள நீரைச் சிதைத்துச் சுயாதீன மூலிகங்களைத் தோற்றுவிக்கும். மூலிகையன்று, மூலிகம், எம் மாணவர் அடிக்கடி மயங்கும் இடம் இது. இம்மூலிகங்களே புற்றுக் கலத்தைத் தாக்குவன. தாவரச் சாறுகள் பலவற்றிலுள்ள ஒட்சியேற்ற எதிரிகளோ இவற்றைத் தணிப்பன. தணித்தால் நோயாளியின் உபாதை குறையலாம். புற்றுக்கும் அதுவே கவசமாகலாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தலை, கழுத்துப் புற்றுடைய 540 பேரிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2005இல் வெளியாயிற்று. விற்றமின் ஈயும், கரட்டிலுள்ள பீற்றா கரோட்டினும் பெற்றோர்க்குக் கதிரின் உபாதை குறைந்தது. ஆனால் புற்று மீண்டுந் தலைகாட்டுவதும் அவர்களிடையே மிகுதியாகத் தோன்றியது.

மறுபுறத்தில், மஞ்சளிலுள்ள குர்க்குமின் கண்ணாடிக் கிண்ணங்களிலும் எலிகளிலும் புற்றுக் கலங்களைக் கதிருக்கு இளகச் செய்ததுண்டு. மனிதர் விழுங்கினாலோ குருதியிற் சேர்வது மிகச் சொற்பம். கறிக்கு இடும் மஞ்சளுக்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை. செறிவூட்டிய குளிகை வேறு. அத்தகைய குளிகைகளை உட்கொண்ட பலருக்கு ஈரலழற்சி கண்டதாக 2019இல் இத்தாலியிலிருந்து அறிக்கை வந்தது. பச்சைத் தேயிலைச் செறிவுகளின் மீதும் இக்குற்றச்சாட்டு உண்டு.

ஈரல் நோயாளருக்கு இது ஏன் பெரிதாகின்றது? முழு ஈரலும் ஏறத்தாழ 30 கிறே அளவு கதிருக்கு மேல் தாங்காது. ஆதலாற் கற்றையைக் கட்டியின்மீதே குவித்து, எஞ்சிய பகுதியைக் காக்கின்றனர். அந்த எஞ்சிய பகுதியும் பெரும்பாலும் முன்னரே தழும்பேறியது. நாம் பருகும் சாற்றைச் சிதைத்து வெளியேற்றும் வேலையும் அதன் தலையிலேயே விழுகின்றது. குருதிச் சோதனையில் ஈரல் தளர்ந்ததெனக் கண்டால், காரணம் கதிரா, போத்தலா என மருத்துவர் எங்ஙனம் அறிவார்? போத்தலை அறியாதவர் கதிரைத்தானே நிறுத்துவார்!

கீழ்க்காய்நெல்லியால் ஈரலழற்சி ‘பீ’ வைரசு அகன்றதென 1988இற் சென்னை ஆய்வாளர் அறிவித்தனர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. வைரசைப் பற்றிய அப்பேச்சும் கதிருக்குத் துணையாகும் என்பதற்குச் சான்றாகாது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் அன்றிரவே கூறினேன். அடுத்த முறை போத்தலையும் உடன் கொண்டுசென்றார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேட்டு ஏட்டிற் குறித்தார். கதிர் முடியும்வரை நிறுத்தச் சொல்லி, அன்றே குருதி எடுக்கவும் பணித்தார்.