கஞ்சிச் சட்டியும் ஜகாத் கணக்கும்: பிள்ளைகளுக்கு விகித அட்டவணை

ஆறாம் வகுப்பில் நம் பிள்ளைகள் ‘விகிதம் மற்றும் விகித சமம்’ என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டைத் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளைகள்கூட இங்கே தடுமாறுவதைப் பார்க்கிறோம். கணக்கு கடினமானதல்ல. அதுவரை கூட்டியே பழகிய மனம், இங்கே மடங்குகளாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சதவீதம், வரைபட அளவு, லாப நட்டம் எனப் பின்னால் வரும் பாடங்கள் பலவும் இதன் மேல்தான் நிற்கின்றன. எனவே இப்போதே வீட்டில் உட்கார வைத்துப் புரிய வைப்பது நல்லது.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும். 4 ஆழாக்கு அரிசிக்கு 1 ஆழாக்கு பாசிப்பருப்பு என்று வைப்போம். விருந்தாளிகள் வருகிறார்கள், அரிசி 8 ஆழாக்கு. பருப்பு எவ்வளவு? “அரிசி 4 கூடியிருக்கு, பருப்பும் 4 கூடணும், அப்ப 5” என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. 8க்கு 5 போட்டால் அது கஞ்சியாக இருக்காது, பருப்புக் கூட்டாகிவிடும் என்று அடுப்படியில் நிற்கும் உம்மா உடனே சொல்லிவிடுவார். பிள்ளைக்கு அதைக் காட்டித் தருவதுதான் விகித அட்டவணை.

அரிசி: 2 | 4 | 8 | 12 | 40
பருப்பு: ½ | 1 | 2 | 3 | 10

மேலும் கீழுமாக இருக்கும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு விகிதம். எதைச் சுருக்கினாலும் 4:1 என்றே வரும். அதனால் இவை சமான விகிதங்கள். ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இரண்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம், அல்லது வகுக்கிறோம்.

அப்படியானால் கூட்டவே கூடாதா? கூட்டலாம், ஆனால் முழு ஜோடியோடு முழு ஜோடியை. 6 ஆழாக்கு அரிசிக்குப் பருப்பு வேண்டுமா? 4க்கு 1, 2க்கு ½. ஆக 6க்கு 1½. ஒரே பக்குவத்தில் காய்ச்சிய இரண்டு சட்டிக் கஞ்சியை ஒன்றாக ஊற்றினால் ருசி மாறாது அல்லவா? இரண்டிலும் 4 கூட்டுவதோ, சரிபாதி அரிசியும் பருப்பும் போட்ட வேறொரு கஞ்சியைக் கொண்டுவந்து கலப்பது போன்றது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

இதே அட்டவணை ஜகாத்துக்கும் உதவும். நிஸாபை அடைந்து ஓர் ஆண்டு நிறைந்த பணத்துக்கு 2.5 சதவீதம், அதாவது 40க்கு 1.

தொகை: 40 | 400 | 4,000 | 40,000 | 1,00,000
ஜகாத்: 1 | 10 | 100 | 1,000 | 2,500

கையில் 1,37,000 ரூபாய் இருக்கிறது என்றால் கால்குலேட்டர் தேவையில்லை. 1,00,000க்கு 2,500, 20,000க்கு 500, 10,000க்கு 250, 5,000க்கு 125, 2,000க்கு 50. மொத்தம் 3,425 ரூபாய். வருடா வருடம் கணக்குப் பார்க்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டவணையை அவர்களே போடட்டும். சதவீதம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு வரிசை எண்களை எழுதிவிட்டால் மட்டும் அது விகித அட்டவணை ஆகிவிடாது. ஆடுகளின் ஜகாத்தைப் பாருங்கள். 40 ஆடுகளுக்கு 1 ஆடு. 80 ஆடுகளுக்கும் 1தான். 120 வரை அப்படியே. 121 ஆனதும் 2, அதுவும் 200 வரைக்கும். 40:1, 80:1 இரண்டும் சமானமல்ல. இது படிப்படியாக ஏறும் கணக்கு, விகிதக் கணக்கல்ல. ‘ஒன்று இரு மடங்கானால் மற்றதும் இரு மடங்காகுமா?’ என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அட்டவணை போட வேண்டும்.

வயதுக் கணக்கும் இப்படித்தான். அண்ணனுக்கு 12, தம்பிக்கு 6 என்றால் இன்று விகிதம் 2:1. ஆறு வருடம் கழித்து 18, 12. விகிதம் 3:2 ஆகிவிடும். இங்கே இரண்டிலும் ஒரே எண்ணைக் கூட்டுவதுதான் சரி.